செஞ்சியிலிருந்து கீழூர் வரை

செஞ்சிக் கோட்டை ஒரு பேரரசின் முற்றுகையை ஏழெட்டு ஆண்டுகள் தாங்கி நின்றிருக்கிறது. இன்னொரு படையிடம் ஒரே இரவில் விழுந்தும் இருக்கிறது. 1690இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. 1750 செப்டம்பரில் புஸ்ஸி நடத்திவந்த பிரெஞ்சுப் படையோ பொழுது விடிவதற்குள் மூன்று மலைகளையும் பிடித்துவிட்டது. அந்த ஐம்பது ஆண்டுகளில் மலையும் மதிலும் மாறவில்லை. காலனி ஆட்சி வந்த வழி, அதற்கெதிரான கொந்தளிப்பு, கடைசியில் கைக்கு வந்த விடுதலை ஆகிய மூன்றையும் ஒரே நிலப்பரப்பில் வைத்துப் பார்க்கச் செஞ்சியைச் சுற்றியுள்ள நூறு கிலோமீட்டர் போதும். கடலூர், வேலூர், புதுச்சேரி, ஓமந்தூர், கீழூர் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வருகின்றன.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் இணைக்கும் மதில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளம். ராஜகிரியின் உயரம் 800 அடி அளவில். உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஆழமான பள்ளமாகிறது. அதன்மேல் ஒரு சிறு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருக்கும் ஒரு சிலரே பெரும்படையைத் தடுத்து நிறுத்தலாம். ஆனந்தக் கோன் கட்டத் தொடங்கியதாக மரபு சொல்லும் இக்கோட்டை விஜயநகர நாயக்கர்களிடமிருந்து 1649 வாக்கில் பிஜப்பூர் சுல்தானுக்கும், 1677இல் சிவாஜிக்கும், 1698இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கானுக்கும் கைமாறியது. கீழே நெல்லும் கம்பும் விளைவித்தவர்களுக்கு இந்த மாற்றங்கள் விடுதலையாகவும் படவில்லை, அடிமைத்தனமாகவும் படவில்லை. மேலே யார் இருந்தாலும் வரி கட்ட வேண்டியிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வந்த காலனி ஆட்சி எந்த விதத்தில் வேறானது என்பது விளங்கும்.

அந்த ஆட்சி இங்கே முதலில் ஒரு விற்பனைப் பத்திரமாகத்தான் வந்தது. 1690இல் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் முகலாயருக்குத் தப்பிச் செஞ்சியில் இருந்தார். படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் தேவைப்பட்டது. கடலூரையொட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார். சென்னையில் அப்போது கம்பெனியின் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமெல்லாம் கம்பெனிக்குச் சேரும் என்பது பேரம். கம்பெனி தன்னிடமிருந்த நல்ல பீரங்கியைக் கொண்டுவந்து நாலாபக்கமும் சுட்டது. குண்டு எட்டிய ஊர்கள் வெள்ளைக்காரன் ஊர்களாயின. அந்த எல்லையின் நினைவாகக் கடலூரில் குண்டு சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. தங்கள் ஊர் விலைபோனது அந்த ஊர்க்காரர்களுக்குக் குண்டு வந்து விழுந்த பிறகே தெரிந்திருக்கும். புனித டேவிட் கோட்டை என்று பெயர் மாற்றப்பட்ட அந்த இடம் பிறகு தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடமாகவே சில ஆண்டுகள் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களும் இதே போல 1674இல் பிஜப்பூரின் அதிகாரி ஷேர்கான் லோடியிடம் அனுமதி பெற்றுத்தான் புதுச்சேரியில் கால்வைத்தார்கள். முற்றுகையிலும் உட்பகையிலும் சிக்கிய அரசர்களின் பணமுடைதான் காலனிகளுக்கு வாசல் திறந்தது. படையெடுப்பு பிறகு வந்தது.

தேசிங்கு ராஜன் வருவது இந்தக் காலத்தில்தான். முகலாயர் சார்பில் செஞ்சியை ஆண்ட புந்தேலத்துச் சொரூப்சிங்கின் மகன் அவர். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்ட கப்பப் பாக்கியைக் கட்ட மறுத்து, சில நூறு குதிரை வீரர்களோடு பெரும்படையை எதிர்த்து, 1714 அக்டோபரில் மாண்டார். வயது இருபத்திரண்டு என்பார்கள். அவரோடு சேர்ந்து விழுந்த நண்பர் ஒரு முஸ்லிம். எதிர்த்து வந்த நவாபும் முஸ்லிம். தேசிங்கு ராஜன் கதையைப் பாடிய தென்னாற்காட்டுப் பாடகர்களுக்கு அந்த நட்பு கோட்டையைவிடப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. வென்ற நவாப் எழுப்பிய பள்ளிவாசல் கோட்டைக்குள் நிற்கிறது. தோற்றவனின் கதையோ ஊர் ஊராகப் போயிற்று. பிற்காலத்துக் கிளர்ச்சிக்கு வேண்டிய மனம் இப்படிப்பட்ட கதைப்பாடல்களில் சேமிக்கப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது. ஆனால் ஒரு வீரனின் சாவோடு அந்த எதிர்ப்பு முடிந்துபோனதையும் மறைக்க வேண்டியதில்லை. அவனுக்குப் பின்னால் கிராமங்கள் எழவில்லை. எழச் சொல்லி அவற்றை யாரும் கேட்கவும் இல்லை.

1750இல் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் போனது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை அந்த ஆண்டுகளின் சூதையும் சந்தோஷத்தையும் நாட்குறிப்பில் நாள்தோறும் எழுதிவைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியின் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அவற்றில் எட்டுத் தூண்கள் இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஏப்ரலில் செஞ்சியும் வீழ்ந்தது. 1780இல் ஹைதர் அலியின் படை செஞ்சியைப் பிடித்தது. மைசூர்ப் போர் முடிந்ததும் அது மறுபடி ஆங்கிலேயர் பக்கம் போனது. அதற்குப் பிறகு செஞ்சிக்காக யாரும் சண்டை போடவில்லை.

சண்டை ஓய்ந்ததற்குக் காரணம் கோட்டையின் பலம் குறைந்ததல்ல. நாட்டைப் பிடித்துவைக்கும் கருவி வேறாகிவிட்டது. 1750இல் பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்றோடிய முகமது அலிதான் பிறகு ஆங்கிலேயரின் தயவால் ஆற்காட்டு நவாபானார். படைச் செலவுக்காகக் கம்பெனியிடமும் கம்பெனி ஊழியர்களிடமும் கடன்பட்டார். கடனுக்கு ஈடாக ஜில்லா ஜில்லாவாக வரி வசூலை எழுதிக்கொடுத்தார். அவருடைய குடும்பத்திடமிருந்து 1801 ஜூலையில், கர்நாடகம் என்று அன்று வழங்கிய அந்த நவாபின் நாடு முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டபோது ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

அதே 1801 ஜூன் 16இல் சின்ன மருது திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஓர் அறிக்கையை ஒட்டச் செய்தார். முகமது அலி முட்டாள்தனமாக ஐரோப்பியருக்கு இடம்கொடுத்ததைச் சொல்லி, எல்லாச் சாதியாரும் சேர்ந்து அவர்களை விரட்ட வேண்டும் என்று அழைத்த அறிக்கை அது. அரசனுக்கு அரசன் ஓலை அனுப்பிய காலத்தில், தெருவில் போகிறவர் படிப்பதற்காகச் சுவரில் ஒட்டப்பட்ட அந்தத் தாள் புதியது. பூலித்தேவனும் கட்டபொம்மனும் தத்தம் பாளையத்தின் உரிமைக்காகப் போராடினார்கள். மருதுவின் அறிக்கை பாளையத்தைத் தாண்டிப் பேசியது. அதைக் கேட்டு எழுவதற்குப் போதுமான அமைப்பு அன்று இல்லை. அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

வேலூரும் இந்த அமைப்பின்மையையே வேறு விதமாகக் காட்டுகிறது. 1806 ஜூலை 10 விடியற்காலையில் கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றிக்குறி இடக் கூடாது, தாடி வைக்கக் கூடாது, தோலாலான பட்டையுள்ள புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற கட்டளைகள் உடனடிக் காரணம். நூறுக்கு மேற்பட்ட ஆங்கிலேயர் கொல்லப்பட்டனர். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. சில மணி நேரத்தில் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொன்றொழிக்கப்பட்டார்கள். கோட்டையைப் பிடித்தவர்கள் கோட்டைக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டார்கள். வெளியே இருந்த கிராமத்துக்குச் செய்திகூடச் சரியாகப் போய்ச் சேரவில்லை. இதைத் தோல்வி என்று மட்டும் எழுதுவது அநியாயம். ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் பதவியிழந்து கப்பலேறினார். தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. கீழே இருப்பவனின் கோபத்துக்கு அஞ்ச வேண்டும் என்பதை ஆட்சி முதன்முறையாக உணர்ந்தது அந்தக் காலையில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்சி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கியது. தென்னாற்காடு ஜில்லாவுக்குக் கடலூரில் கலெக்டர், தாலுகாவுக்குத் தாசில்தார், ஊருக்குக் கர்ணம், மணியக்காரர், தலையாரி. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு உழவனின் பெயரிலும் பட்டா, ஒவ்வொருவருக்கும் கிஸ்தி, ஆண்டுதோறும் ஜமாபந்தி. செஞ்சி வட்டாரத்துப் புன்செய்களில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை பெருகியது. மூட்டை மூட்டையாகப் புதுச்சேரித் துறைமுகத்துக்குப் போய் அங்கிருந்து எண்ணெய்க்காகவும் சவுக்காரத்துக்காகவும் பிரான்சின் மார்செய் நகருக்குக் கப்பலேறியது. எந்த நாயக்கரும் நவாபும் உழவனின் வயலுக்குள் இவ்வளவு தூரம் நுழைந்ததில்லை. ஆட்சிக்கு இதனால் கிடைத்த வலிமை பெரிது. இதே ஏற்பாட்டில்தான் அதன் பலவீனமும் இருந்தது. கணக்கு எழுதியவரும் வரி தண்டியவரும் காவல் நிலையத்தில் நின்றவரும் கச்சேரியில் வாதாடியவரும் இந்த நாட்டு மக்கள். அவர்கள் ஒத்துழைக்கிற வரைக்கும்தான் ஆட்சி. காந்தி 1920இல் ஒத்துழையாமை என்று அறிவித்ததன் முழுப் பொருளும் இந்தச் சிறிய உண்மையில் அடங்கியிருந்தது.

அதற்கு முன்னால் ஓர் இடைக்காலம் உண்டு. 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, பேரரசின் வியாபாரத்திலேயே கைவைத்தது. அவருக்குக் கிடைத்த கொடுஞ்சிறை அந்த அடி எவ்வளவு ஆழமாகப் பட்டது என்பதற்குச் சான்று. 1908இல் பாரதி புதுச்சேரிக்குப் போய்ப் பத்தாண்டுகள் அங்கே இருந்தார். 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். ஆங்கிலேயன் தேடுகிறவனுக்குப் பிரெஞ்சுக்காரன் மண்ணில் இடம் கிடைத்தது. இரண்டு பேரரசுகள் உரசும் விளிம்பில்தான் எழுத்தும் அச்சும் துப்பாக்கிப் பயிற்சியும் உயிர்பிழைத்தன. அங்கே பழகிய வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தானும் மடிந்தார். ஒரு கலெக்டர் போனால் இன்னொரு கலெக்டர் வருவார் என்பதை அடுத்த மாதமே எல்லோரும் பார்த்தார்கள். தனிமனிதத் தியாகம் எவ்வளவு பெரிதானாலும் கச்சேரி மறுநாள் காலை வழக்கம்போலத் திறந்தது.

கச்சேரியைத் திணறடித்தவர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனவர்கள். கடலூர் அஞ்சலையம்மாளை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். முதுநகர்க்காரர்; நெசவும் கைத்தொழிலும் தெரிந்த எளிய குடும்பம். 1857 கிளர்ச்சியை அடக்கியபோது வடக்கே ஊர் ஊராகக் கொன்று குவித்த தளபதி நீலின் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927இல் அதை அகற்றக் கோரி நடந்த சத்தியாக்கிரகத்தில் அஞ்சலையம்மாள் கலந்துகொண்டு சிறை சென்றார். அவருடைய சிறுமகள் அம்மாக்கண்ணுவும் பிடிபட்டாள். சட்டமறுப்புக் காலத்தில் கர்ப்பிணியாகச் சிறையில் இருந்து, பிரசவத்துக்கு வெளியே விடப்பட்டு, பச்சைக் குழந்தையோடு திரும்பவும் சிறைக்குப் போனார். அந்தப் பிள்ளைக்கு ஜெயவீரன் என்று பெயர். நிலத்தை விற்றுப் போராட்டத்துக்குச் செலவழித்த குடும்பம் அது. இப்படிப்பட்ட ஒரு பெண்ணை எந்தப் படையும் தோற்கடிக்க முடியாது. ஏனென்றால் பிடிப்பதற்கு அவரிடம் கோட்டை எதுவும் இல்லை. சிறையில் போட்டால் சிறை நிரம்பியது. வெளியே விட்டால் அடுத்த போராட்டத்தில் நின்றார். நீல் சிலை 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்ததும் தெருவிலிருந்து அகற்றப்பட்டது. அதே ஆண்டு அஞ்சலையம்மாள் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வேதாரண்யத்தில் 1930இல் அள்ளிய உப்பு, 1942 ஆகஸ்டுப் போராட்டம், மலேயாத் தோட்டத் தமிழர்கள் நிறைந்திருந்த இந்திய தேசிய ராணுவம், 1946 பிப்ரவரியில் பம்பாயில் எழுந்த கடற்படையினர் என்று அடுத்தடுத்து வந்தவை யாவரும் அறிந்தவை. கடைசியாகச் சொன்ன இரண்டும் வேலூர்ச் சிப்பாய்களின் வழியில் வந்தவை. ஆனால் இம்முறை வெளியே ஒரு நாடே விழித்திருந்தது. 1947 ஆகஸ்டு 15 அன்று சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர் திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், ஜமீன் ஒழிப்புச் சட்டம் மூன்றும் அவர் பதவியிலிருந்த இரண்டே ஆண்டுகளில் வந்தவை. அதிகாரம் கைமாறிய இரவைவிட இந்தச் சட்டங்கள் வந்த நாட்கள் பலருக்கு உண்மையான விடுதலை நாட்கள்.

செஞ்சிக்குக் கிழக்கே அப்போதும் ஒரு பேரரசு மிச்சமிருந்தது. புதுச்சேரியின் விடுதலை பஞ்சாலையில் தொடங்கியது. சவானா ஆலை ஒரு காலத்தில் நெய்த நீலத்துணி செனெகல் வரை போனது. பிரான்சின் ஒரு காலனியில் உழைப்பு, இன்னொரு காலனியில் விற்பனை. நீண்ட வேலை நேரத்தையும் சொற்பக் கூலியையும் எதிர்த்து வ. சுப்பையாவின் தலைமையில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் படை சுட்டதில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். பாரிசில் அப்போது லெயோன் ப்ளூமின் இடதுசாரி அரசு இருந்தது. சமத்துவம் பேசிய அந்த அரசின் ஆட்சியில் காலனித் தொழிலாளி சுடப்பட்டது அங்கும் கேள்வியானது. அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே அது முதலில் வந்தது இங்கேதான் என்று புதுச்சேரித் தொழிற்சங்கத்தார் சொல்வார்கள். அந்தப் பன்னிரண்டு பேர் நாட்டு விடுதலை என்று முழங்கிச் செத்தவர்களல்லர். எட்டு மணி நேரமும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டார்கள். இருந்தும் சங்கம் என்ற ஒன்று கிடைத்த பிறகுதான் பிரெஞ்சு இந்தியாவில் விடுதலை இயக்கத்துக்கு எலும்பும் தசையும் ஏற்பட்டது.

1948இல் இந்தியாவும் பிரான்சும் மக்கள் வாக்கெடுப்புக்கு ஒப்புக்கொண்டன. 1949இல் சந்திரநாகூர் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தது. தெற்கே இழுபறி நீடித்தது. புதுச்சேரி ஒரே துண்டு நிலமன்று. ஓர் ஊர் பிரெஞ்சு, அடுத்த ஊர் இந்தியா, வாய்க்காலுக்கு அக்கரை மறுபடி பிரெஞ்சு. சுங்கச் சாவடிகளும் அனுமதிச் சீட்டும் வந்தபோது சந்தைக்குப் போகிறவருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போகிறவருக்கும் நாள்தோறும் தொல்லை. பிரான்ஸ் நாடாளுமன்றத்தில் பிரெஞ்சு இந்தியாவின் உறுப்பினராக இருந்த எதுவார் குபேர் 1954 மார்ச்சில் இந்தியாவின் பக்கம் மாறினார். மார்ச் 18இல் நிர்வாகக் குழு உறுப்பினர்களும் மேயர்களும் வாக்கெடுப்பு இல்லாமலேயே இணைப்பு வேண்டும் என்றார்கள். மார்ச் 31இல் நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. குபேரைச் சந்தர்ப்பவாதி என்று ஒதுக்குவது எளிது. காற்று மாறிவிட்டதைக் கண்டு மாறியவர் அவர் என்பதும் மெய்யே. அந்தக் காற்றை மாற்றியவர்கள் 1936இல் சுடப்பட்டவர்களும் அவர்களுக்குப் பின்னால் பதினெட்டு ஆண்டுகள் சிறையிலும் தலைமறைவிலும் கழித்தவர்களும்.

உலகமும் சேர்ந்து தள்ளியது. 1954 மே 7இல் வியத்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. புதுச்சேரித் தமிழர்கள் பல தலைமுறையாகக் குமாஸ்தாக்களாகவும் சிப்பாய்களாகவும் போய்வந்த சைகோனின் செய்தி இங்கே வெளிநாட்டுச் செய்தியாகக் கேட்கப்படவில்லை. ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாகேயும் கைமாறின. அக்டோபர் 18 அன்று, வில்லியனூரைத் தாண்டியுள்ள கீழூர் என்ற கிராமத்தில், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. அந்த எட்டு ஓட்டும் எண்ணப்பட்டுப் பதிவானது இந்த முடிவுக்குக் கூடுதல் கண்ணியம் தருகிறது. நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அதே நவம்பர் 1 அன்று அல்ஜீரியாவில் துப்பாக்கிகள் வெடித்து ஏழரை ஆண்டுப் போர் தொடங்கியது. ஒரே பேரரசு, ஒரே நாள், இரண்டு வழிகள். அல்ஜீரியாவில் பிரெஞ்சுக் குடியேறிகள் பத்து லட்சம் பேர் வேரூன்றியிருந்தார்கள். புதுச்சேரியில் அப்படி யாரும் இல்லை. தமிழர் சாதுவானவர்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வது சரியல்ல. காலனி எப்படி அமைக்கப்பட்டதோ அதைப் பொறுத்தே அது விடுபடும் விதமும் அமைந்தது.

புதுச்சேரியின் சட்டபூர்வ மாற்றத்துக்கு 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம், அல்ஜீரியப் போர் முடிந்த 1962இல்தான் பிரான்சில் ஏற்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 16இல் அது நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு வழி விடப்பட்டது; பல குடும்பங்கள் அதைத் தேர்ந்தன. குண்டு விழுந்த தூரத்தைக் கொண்டு மக்களைக் கைப்பற்றிய 1690இன் பேரத்தோடு ஒப்பிட்டால், எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று தேர்ந்துகொள்ள வழிவிட்ட இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைக் காட்டும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியரின் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும் அதில் இடம்பெற்றது. பள்ளிக்கூடப் பேருந்துகள் முன்னைவிட அதிகமாக வருகின்றன, வரட்டும். பிள்ளைகள் ராஜகிரி ஏறட்டும், தேசிங்கின் கதையைக் கேட்கட்டும். இறங்கிய பிறகு ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணத்தில் கீழூர் இருக்கிறது. நினைவுச்சின்னம் சிறியது, ஆகஸ்டு 16 அன்று கொடியேற்றும் நேரம் தவிர ஆள் நடமாட்டம் குறைவு. ஆசிரியர்கள் அந்தப் பேருந்துகளை அங்கேயும் ஒருமுறை நிறுத்த வேண்டும்.